₹45,000-க்குள் வீட்டில் வாய்ப்பாட்டு + மிருதங்கம் ரெக்கார்டிங்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

#1 — ஐந்துகட்டை

எல்லோருக்கும் வணக்கம். விவரம் இதுதான்:

அறை: 10 × 10 அடி, கான்கிரீட் கூரை, உயரமும் ஏறக்குறைய 10 அடி. தெருப்பக்கம் ஒரு ஜன்னல். உள்ளே ஒரு இரும்பு பீரோ.
லேப்டாப்: ஐ5, 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி., விண்டோஸ்.
பதிவு: பெண் குரல் (சுருதி 5 கட்டை), மிருதங்கம். இரண்டும் ஒரே நேரத்தில் பதிவாக வேண்டும். அந்த நேரக் கற்பனையில் பாடும் நிரவல், கல்பனாஸ்வரம் எல்லாம் உண்டு, எனவே தனித்தனியாக வாசித்து ஒட்டுவது ஒத்து வராது.
பயன்: யூடியூப். வீடியோ போனில் எடுக்கப்படும்.

கடையில் ஸ்கார்லெட் சோலோ (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ்), கண்டன்சர் மைக், ஹெட்போன் மூன்றும் சேர்ந்த பெட்டி ஒன்றைக் காட்டுகிறார்கள். அதையே வாங்கிவிடலாமா? சுவருக்கு ஃபோம் ஒட்ட வேண்டுமா? சாஃப்ட்வேர் எது?

#2 — ஒயர்மேன்

அந்தப் பெட்டி வேண்டாம். சோலோவில் மைக் செருகும் எக்ஸ்.எல்.ஆர். துளை ஒன்றுதான். இரண்டாவது துளை கிட்டார், கீபோர்டு மாதிரியான கருவிகளுக்கானது. கண்டன்சர் மைக் ஓடத் தேவையான 48 வோல்ட் மின்சாரம் அதில் வராது, மைக் வேலையே செய்யாது. தனியாகப் பாடி கிட்டார் வாசிப்பவருக்கு அது நல்ல பெட்டி. குரலும் மிருதங்கமும் சேர்ந்து பதிவாக வேண்டுமென்றால் இரண்டு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) கட்டாயம்.

என் கணக்கு (விலை ஏறி இறங்கும், உத்தேசம்தான்):

இன்டர்ஃபேஸ்: பெஹ்ரிங்கர் யு.எம்.சி. 202 எச்.டி., 10,000 வாக்கில். இதே வரிசையில் யு.எம்.சி. 22 என்று மலிவாக ஒன்று வரும், அது 16 பிட் மட்டும், மைக் துளையும் ஒன்றே. பெட்டியில் நம்பரைப் பார்த்து வாங்குங்கள்.
குரல் மைக்: ஆடியோ டெக்னிகா ஏ.டி. 2020, 9,000–10,000.
மிருதங்க மைக்: ஷூர் எஸ்.எம். 57, அதே அளவு.
ஹெட்போன்: ஏ.டி.எச். எம்20எக்ஸ், 5,000. காதை மூடும் வகை.
பூம் ஸ்டாண்டு இரண்டு, எக்ஸ்.எல்.ஆர். கேபிள் இரண்டு (5 மீட்டர்), பாப் ஃபில்டர் ஒன்று: எல்லாம் சேர்த்து 4,500.

நாற்பதாயிரத்துக்குள் முடியும். மீதி ஐயாயிரத்தை அறைக்கு வையுங்கள். ஸ்பீக்கர் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். பத்துக்குப் பத்து கனச்சதுர அறையில் எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் பேஸ் (கீழ் ஸ்தாயி ஒலி) பொய் சொல்லும்.

ஸ்டாண்டு வாங்கும்போது ஒன்று: பாடுபவர் தரையில் உட்காருவார். மேடையில் நின்று பாடுவதற்கான ஸ்டாண்டை முழுக்க இறக்கினாலும் சில மாடல்கள் மூன்று அடிக்குக் கீழே போகாது. பேஸ் டிரம்முக்கு வைக்கும் குட்டை பூம் ஸ்டாண்டு கேளுங்கள்.

#3 — கும்கி

ஒயர்மேன் சார், மிருதங்கத்துக்கு 57 போட்டது சரியில்லைங்க. 57 பக்கத்துல வச்சு எடுக்கிற மைக். ரெண்டு மூணு அங்குலத்துல தோலுக்கு நேரா வச்சா நல்லா இருக்கும். ஆனா இங்க மிருதங்கத்துக்கு இருக்கிறதே ஒரு மைக். வலந்தலைக்கு (வலது முகம்) நேரா வச்சா தொப்பி (இடது முகம்) காணாம போயிடும், தொப்பிக்கு வச்சா வலந்தலையில விழுற மீட்டும் சாப்பும் மங்கிடும். ஒரே மைக்னா வாத்தியத்தோட நடு உடம்புக்கு எதிரே ஒன்றரை, ரெண்டு அடி தள்ளி, உடலைவிடக் கொஞ்சம் உயரமா, கீழ் பார்க்க வைக்கணும். அந்த தூரத்துல 57-க்கு கெயின் (சிக்னலைப் பெருக்குற அளவு) நிறைய ஏத்தணும், ப்ரீஆம்ப் இரைச்சலும் கூடவே ஏறும்.

அதனால ரெண்டாவது மைக்கும் ஏ.டி. 2020-ஆவே வாங்கிடுங்க. 144 டெசிபல் வரைக்கும் தாங்கும், வாசிப்பை முடிக்கிற தீர்மானத்துல எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் மைக்ல சத்தம் உடையாது. ஓவர்லோடு ஆச்சுன்னா அது இன்டர்ஃபேஸ்ல கெயின் கூடினதாலதான்.

வச்ச பிறகு கேட்டுப் பாருங்க. வலந்தலை தூக்கலா இருந்தா மைக்கை மூணு, நாலு அங்குலம் தொப்பி பக்கம் நகர்த்துங்க. ஈக்யூவத் (மேல், கீழ் ஒலிய ஏத்தி இறக்குற கருவி) தொடாதீங்க, முதல்ல மைக்கை நகர்த்துங்க.

#4 — ஒயர்மேன்

> அதனால ரெண்டாவது மைக்கும் ஏ.டி. 2020-ஆவே

ஒப்புக்கொள்கிறேன், இரண்டடி தூரம் என்றால் கண்டன்சர்தான். யு.எம்.சி. 202-ல் 48 வோல்ட் ஸ்விட்ச் இரண்டு துளைக்கும் பொதுவாக ஒன்றுதான், இரண்டும் கண்டன்சர் என்றால் அந்தக் கேள்வியும் இல்லை. செருகும்போதும் கழற்றும்போதும் 48 வோல்ட்டை அணைத்து, ஹெட்போன் வால்யூமை இறக்கிவிட்டுச் செய்யுங்கள். இல்லையென்றால் 'டொப்' என்று காதில் அறையும்.

#5 — சுவர்க்கோழி

மைக் பேச்சுக்கு நடுவே அறையை விட்டுவிட்டீர்கள். இந்தப் பட்டியலில் ஒலியை அதிகம் கெடுக்கப் போவது அதுதான்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி (3.05 மீட்டர்). எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே நிற்கும் அலை (மோதித் திரும்பி அங்கேயே முழங்கும் ஒலி) சுமார் 57 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 113, 170-லும் விழும். சாதாரண அறையில் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று இவை சிதறிக் கிடக்கும். உங்கள் அறையில் மூன்றும் ஒரே எண்ணில் வந்து குவிகின்றன. மிருதங்கத் தொப்பியின் ஆழமெல்லாம் இந்த வட்டாரத்தில்தான். விளைவு, சில கும்கிகள் (தொப்பியில் எழும் ஆழ்ந்த ஒலிகள்) அறையையே நிறைக்கும், சில சத்தமில்லாமல் செத்துவிடும். வாசிப்பவர் மேல் குறை சொல்வார்கள், பாவம்.

ஒரு அங்குல ஃபோம் இதற்கு எதுவும் செய்யாது. 113 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்று மீட்டர், அதை ஒரு அங்குலப் பஞ்சு நிறுத்துமா? அது மேல் ஸ்தாயி எதிரொலியை மட்டும் தின்னும். சுவர் முழுக்க ஒட்டினால் குரல் பளபளப்பு போய், பேஸ் மட்டும் முழங்கும் அறை கிடைக்கும். ஒட்டாமல் இருப்பதே மேல். முட்டை அட்டை பற்றி யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன்: அது அட்டை. அவ்வளவுதான்.

வேலை செய்வது தடிமன். செலவு குறைந்த வழி இலவம்பஞ்சு மெத்தை. நான்கு அங்குல மெத்தை இரண்டைச் சுருட்டி மூலைகளில் நிறுத்துங்கள், தரையிலிருந்து ஆள் உயரம். பேஸ் மூலையில்தான் குவியும், அங்கே தடிமனான பொருள் இருந்தால் ஓரளவு இறங்கும். முழுதாகப் போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தரைக்கு ஜமக்காளம் இரண்டு மடிப்பு.

பிறகு பணம் வந்தால் பேனல் செய்யலாம்: 4 × 2 அடி மரச்சட்டம், உள்ளே கன மீட்டருக்கு 48 முதல் 64 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் நான்கு அங்குலம், மேலே காடாத்துணி. சுவரோடு ஒட்டாமல் இரண்டு முதல் நான்கு அங்குலம் இடைவெளி விட்டு நிறுத்தினால் அதே பேனல் இன்னும் கீழ் ஸ்தாயி வரை பிடிக்கும். வெட்டும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம், தோலில் பட்டால் இரண்டு நாளைக்கு அரிக்கும்.

பீரோவை வெளியே தள்ளுங்கள். முடியாவிட்டால் தொப்பியை ஓங்கித் தட்டிவிட்டுக் காது கொடுங்கள். கதவும் சாவிக்கொத்தும் 'ஜிர்ர்' என்று கூடப் பாடும். கதவு இடுக்கில் துணி மடித்துச் செருகினால் அடங்கும்.

#6 — ஐந்துகட்டை

மெத்தை வீட்டிலேயே இருக்கிறது, நல்லது. ஒரு சந்தேகம். டைனமிக் மைக் (எஸ்.எம். 57 போல 48 வோல்ட் தேவைப்படாத வகை) அறைச் சத்தத்தைப் பிடிக்காது, கண்டன்சர் தெருவில் போகும் ஆட்டோவைக்கூடப் பிடிக்கும் என்கிறார்களே? அப்படியானால் குரலுக்கு ஷூர் எஸ்.எம். 7பி போல ஒரு டைனமிக் மைக்குக்காகக் காத்திருக்கலாமா?

#7 — ஒயர்மேன்

இது யூடியூபில் ஓடும் கதை. மைக்குக்கு எது குரல், எது ஆட்டோ என்று தெரியாது. ஒரே கார்டியாய்டு வடிவம் (முன்பக்கம் அதிகமாக, முதுகுப் பக்கம் குறைவாகக் கேட்பது), ஒரே தூரம் என்றால் குரலுக்கும் அறைச் சத்தத்துக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. டைனமிக்கில் எல்லாம் சின்னதாக வருகிறது, அதைச் சமன் செய்யக் கெயின் ஏற்றினால் ஆட்டோவும் கூடவே ஏறி வரும். டைனமிக்கில் 'அறை கேட்கவில்லை' என்று தோன்றக் காரணம், அதை உதட்டோடு ஒட்டி வைத்துப் பேசுகிறார்கள். தூரம் செய்த வேலைக்கு மைக்குக்குப் பாராட்டு.

உதட்டோடு ஒட்டினால் கர்நாடக சங்கீதத்துக்கு வேறு தொல்லை. நாலைந்து அங்குலத்துக்குள் வந்தால் கீழ் ஸ்தாயி ஊதிப்போகும். பாடும்போது தலை அசையும், அசையும்போதெல்லாம் குரலின் குணமே மாறும். 8 முதல் 10 அங்குலம் சரியான தூரம். 7பி-க்கு 60 டெசிபல் சுத்தமான கெயின் வேண்டும், பட்ஜெட் ப்ரீஆம்பை அந்த அளவுக்குத் திருப்பினால் ஆலாபனைக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று மழை பெய்யும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரோடு (Rode) கம்பெனியின் என்.டி.1 மைக்கின் சுய இரைச்சல் 4 டெசிபல்தான், ஏ.டி. 2020-க்கு 20, எனவே அதிகம் போட்டு என்.டி.1 வாங்கு என்பார்கள். எண் உண்மை. ஆனால் தெருப்பக்க அறையில் நள்ளிரவில்கூடச் சத்தம் 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது அரிது. அறையின் இரைச்சலுக்கு அடியில் மைக்கின் இரைச்சல் மறைந்துவிடும். அந்தப் பணத்தை அறைக்குப் போடுங்கள்.

#8 — கும்கி

உட்கார்ற விதம் பத்தி யாரும் சொல்லல. மேடை மாதிரி பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தா குரல் மைக்ல மிருதங்கம் கொட்டும், அப்புறம் குரலுக்கு எந்த எஃபெக்ட் போட்டாலும் மிருதங்கத்துக்கும் சேர்ந்து விழும்.

எதிரெதிரா உட்காருங்க. சுவருக்கு இணையா வேண்டாம், மூலைக்கு மூலை குறுக்கா. குறுக்களவு 14 அடி இருக்கும், ரெண்டு பேருக்கும் நடுவுல 6 அடி விட்டா பின்னால நாலு நாலு அடி மிஞ்சும். அவங்கவங்க மைக் அவங்கவங்களைப் பார்க்குது, அப்போ மைக்கோட முதுகு எதிராளியைப் பார்க்கும். கார்டியாய்டு முதுகுப் பக்கம்தான் கம்மியா கேக்கும். சுவர்க்கோழி சொன்ன மெத்தை சுருளை ரெண்டு பேரோட முதுகுக்குப் பின்னால இருக்கிற அந்த மூலைகள்லயே நிறுத்துங்க. பாடுறவங்க பின்னால இருக்கிற சுவரைத்தான் மைக் நேரா பார்க்குது. நிறைய பேர் மைக்குக்குப் பின்னாடி வளைஞ்ச ஃபோம் தட்டி வாங்கி வைக்கிறாங்க, அது மைக்குக்குக் காது கேக்காத பக்கம்!

குரல் மைக்கை முகவாய்க்குக் கொஞ்சம் கீழ வச்சு வாயைப் பார்க்க மேல சாய்ங்க. காரணம் இருக்கு: தொடையில தாளம் போடுற சத்தம். மைக் மேல இருந்து கீழ பார்த்தா 'தப் தப்'னு ஆதி தாளம் முழுசும் பதிவாகும். கீழ இருந்து மேல பார்த்தா தொடை மைக்கோட முதுகுப் பக்கம் போயிடும். மடியில ஒரு துண்டை நாலா மடிச்சுப் போட்டா மிச்சமும் போயிடும். வளையல், கடிகாரம் கழட்டிடுங்க. வீடியோவுக்காகப் பட்டுப்புடவை கட்டினா அது உரசுற சத்தமும் வரும், மெதுவான ஆலாபனையில நல்லாவே கேக்கும்.

#9 — டிராக்நம்பர்2

சாஃப்ட்வேர்: ரீப்பர். 60 நாள் எல்லா வசதியோடும் சும்மா ஓடும், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் இரண்டு டிராக் வேலைக்கு எந்த சாஃப்ட்வேரும் போதும். ரீப்பரைச் சொல்வதற்குக் காரணம், பழைய லேப்டாப்பிலும் தள்ளாடாது, தேவையான ஈக்யூ, கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தை அமுக்குவது), ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. திருட்டு ப்ளக்இன் தேடி வைரஸ் வாங்க வேண்டாம்.

பெஹ்ரிங்கரின் சொந்த ஆசியோ டிரைவரை (இன்டர்ஃபேஸை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு டிராக் ஒரு மணி நேரத்துக்கு 520 எம்.பி. அளவு, இரண்டும் சேர்த்து ஒரு ஜி.பி. சொச்சம். 96, 192 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் டிஸ்க்கை நிரப்பத்தான்.

பஃபர் (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவு; சின்னதானால் தாமதம் குறையும்) பற்றி எல்லோரும் 64, 128 என்று பயமுறுத்துவார்கள். உங்கள் விஷயத்தில் அது தேவையே இல்லை. பாடுபவரும் வாசிப்பவரும் ஒருவரை ஒருவர் காற்றிலேயே கேட்கிறார்கள். கம்ப்யூட்டரிலிருந்து வருவது தம்புரா மட்டும், அதில் தாளமில்லை. எனவே 512 வைத்து நிம்மதியாக இருங்கள். சின்ன பஃபரில் வரும் 'டிக் டிக்' உடைசல் வராது.

தம்புராவை மைக்கில் விடாதீர்கள். சுருதிப் பெட்டி அறையில் ஒலித்தால் இரண்டு மைக்கிலும் வெவ்வேறு நேரத்தில் விழுந்து மங்கும், பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. 5 கட்டையில் பத்து நிமிட தம்புரா ஃபைல் ஒன்றை ரீப்பரில் மூன்றாவது டிராக்காகப் போட்டு, திரும்பத் திரும்ப ஓடும்படி இழுத்து நீட்டி, இணைப்புகளில் இரண்டு விநாடி கிராஸ்ஃபேட் (ஒன்று இறங்க அடுத்தது ஏறுவது) கொடுங்கள். அதை இருவரும் ஒரு காதில் மட்டும் இயர்போனில் கேட்கட்டும். ஹெட்போன் துளையில் ஒரு ஸ்ப்ளிட்டர் போதும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தானை அணைத்துவிடுங்கள், இல்லையேல் தம்புராவோடு சொந்தக் குரலும் காதில் வந்து குழப்பும். மிருதங்கத்தை அதே ஃபைலுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டால், பின்னால் மிக்ஸில் தம்புரா தனி டிராக்காக உங்கள் கையில் இருக்கும்.

அளவு: குரல் கெயினைத் தாரஸ்தாயி பஞ்சமம் பாடவைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். மிருதங்கத்துக்கு மோரா, கோர்வை வாசிக்கச் சொல்லி மைனஸ் 10. 'இப்ப சும்மா நாலு சொல் வாசிங்க' என்று கேட்டு வைத்த கெயின் தனி ஆவர்த்தனத்தில் சிவப்புக்குப் போகும். 24 பிட்டில் குறைவாகப் பதிவானால் நஷ்டமில்லை, உடைந்து பதிவானால் மீட்சியில்லை.

#10 — வைகைக்கரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிட்டத்தட்ட இதே செட். லேப்டாப் சார்ஜர் செருகியிருந்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். கேபிள் மாற்றியும் போகவில்லை. எர்த் பின்னை எடுத்துவிட்டால் போகும் என்கிறார் கடைக்காரர்.

#11 — ஒயர்மேன்

எர்த் பின்னைத் தொடாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்டது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்:

சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். ரீங்காரம் நின்றால் சார்ஜர் வழியாக வருகிறது. 202 எச்.டி. யு.எஸ்.பி.யிலேயே கரண்ட் எடுத்துக்கொள்ளும், எனவே ஒரு மணி நேரக் கச்சேரியைப் பேட்டரியிலேயே முடிக்கலாம். அதுவே எளிய வைத்தியம்.

நிற்கவில்லை என்றால் மின்விசிறி ரெகுலேட்டர். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் பாதி வேகத்தில் 100 ஹெர்ட்ஸில் இரைச்சல் போடும். எப்படியும் டேக் போகும்போது விசிறியை நிறுத்தத்தான் வேண்டும், ரெகுலேட்டரைச் சுழியத்துக்குத் திருப்புவதோடு விடாமல் ஸ்விட்சையே அணையுங்கள். அடுத்து எல்.ஈ.டி. பல்பு, டியூப். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

கரண்ட் போய் இன்வர்ட்டரில் ஓடும்போது மட்டும் வந்தால் அது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர். கரண்ட் வரும் வரை டீ குடிப்பதுதான் வழி.

மைக் கேபிளின் கனெக்டரைத் திறந்தும் பாருங்கள். பின் 1 ஷீல்டு, 2 ஹாட், 3 கோல்டு (cold). மலிவு கேபிளில் 1-ம் பின்னில் ஷீல்டு பற்றவைப்பு விட்டுப்போயிருப்பது சகஜம். சென்னை ரிச்சி தெருவில் கேபிளும் கனெக்டரும் தனித்தனியாக வாங்கிப் பற்றவைத்தால் ரெடிமேடைவிட மலிவு, உறுதியும்கூட.

#12 — டிராக்நம்பர்2

மிக்ஸ் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள்.

5 கட்டையில் ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்த்ர பஞ்சமம் 147. எனவே குரல் டிராக்கில் ஹைபாஸை (கீழ் ஒலியை வெட்டும் வடிகட்டி) 100 ஹெர்ட்ஸ் வரை தைரியமாக ஏற்றலாம், தெருவில் போகும் பஸ்ஸின் உறுமல் போகும். ஆண் குரல் 1 கட்டை என்றால் மந்த்ர பஞ்சமமே 98-ல் இருக்கிறது, அங்கே 70-ஐத் தாண்டாதீர்கள். மிருதங்கத்துக்கு 40.

குரல் ஏற்ற இறக்கத்தை முதலில் வால்யூம் கோட்டைக் கையால் இழுத்துச் சமன் செய்யுங்கள். அதற்குப் பிறகு கம்ப்ரஸர் 2:1, அட்டாக் 25 மில்லிசெகண்ட், மூன்று டெசிபலுக்கு மேல் அமுக்காமல். சினிமாப் பாட்டு அளவுக்கு அமுக்கினால் சங்கதிக்குள் இருக்கும் மூச்சே தட்டையாகிவிடும்.

ரிவெர்ப் ஒன்றரை விநாடி, ப்ரீடிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) 30 மில்லிசெகண்ட். குரலுக்குக் கொஞ்சம், மிருதங்கத்துக்கு அதில் பாதி.

சுருதி திருத்தும் ப்ளக்இன் பக்கம் போகாதீர்கள். அது ஸ்வரத்தைக் கோட்டில் நிறுத்தப் பார்க்கும். தோடி ராகத்தின் அசையும் காந்தாரத்தைக் கோட்டில் நிறுத்தினால் தோடி எங்கே?

#13 — சுவர்க்கோழி

கடைசி வரிக்கு ஒரு சின்ன எதிர்ப்பு. கையால் ஒரே ஒரு நீண்ட கார்வையை (ஒரே ஸ்வரத்தில் நிற்பது) மட்டும் திருத்துவதில் தப்பில்லை. தானாக ஓடவிடுவதுதான் கெடுதல்.

#14 — டிராக்நம்பர்2

கார்வை பிசகினால் அந்த வரியை மறுபடி பாடச் சொல்வேன். உங்கள் வழி உங்களுக்கு.

#15 — ஐந்துகட்டை

இறுதிப் பட்டியல்: 202 எச்.டி., ஏ.டி. 2020 இரண்டு, எம்20எக்ஸ், குட்டை ஸ்டாண்டு இரண்டு, மெத்தை. மூன்று கேள்வி மிச்சம். பின்னால் வயலின் சேர்ந்தால் இதையே வைத்துக்கொள்ளலாமா, அல்லது இப்போதே ஸ்கார்லெட் 4ஐ4 வாங்கலாமா? வீடியோவோடு எப்படிச் சேர்ப்பது? மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்கலாமா?

#16 — ஒயர்மேன்

4ஐ4 என்ற பெயரில் ஏமாறாதீர்கள். நான்கு உள்ளீட்டில் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான், மற்ற இரண்டு லைன் (கீபோர்டு மாதிரியான கருவிகளுக்கு). வயலினுக்கு மூன்றாவது மைக் செருக இடமில்லை. மூன்று மைக் நிச்சயம் என்றால் யு.எம்.சி. 404 எச்.டி.; அதில் நான்கும் மைக் ப்ரீஆம்ப். ஆறு மாதத்துக்குள் வயலின் வரும் என்றால் இப்போதே அதை எடுங்கள். இரண்டு யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸை ஒன்றாகச் சேர்த்து ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், விண்டோஸில் ஆசியோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்கும்.

#17 — டிராக்நம்பர்2

வீடியோ: தொடக்கத்தில் கேமரா பார்க்க ஒரு கைதட்டல், முடிவில் ஒன்று. போன் கடிகாரமும் இன்டர்ஃபேஸ் கடிகாரமும் ஒத்துப்போகாது. முதல் தட்டலைச் சேர்த்தால் ஒரு மணி நேரக் கடைசியில் உதடு விலகியிருக்கும். அப்போது வீடியோவை நீட்டுங்கள் அல்லது சுருக்குங்கள், ஆடியோவைத் தொடாதீர்கள். போன் வீடியோவின் ஃபிரேம் வேகம் நடுவில் மாறும், எடிட்டருக்குக் கொண்டுபோகும் முன் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற சாஃப்ட்வேரில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸாகவே இருக்கட்டும். 44.1-ல் பதிவான ஃபைலை எங்காவது 48 என்று தப்பாக எடுத்து ஓட்டினால் பாட்டு வேகமாவது ஒரு பக்கம், சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிவிடும்.

யூடியூபுக்கு மைனஸ் 16 லஃப்ஸ் (LUFS, சராசரிச் சத்த அளவு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். அவர்கள் மைனஸ் 14-க்கு மேல் இருந்தால் இறக்குவார்கள், கீழே இருந்தால் ஏற்றமாட்டார்கள். கர்நாடக சங்கீதத்துக்கு அந்த இரண்டு டெசிபலுக்காக அமுக்க வேண்டாம்.

#18 — சுவர்க்கோழி

மைக்கை ஸ்டாண்டில் விடாதீர்கள். கடலோர ஊர் ஈரம் கண்டன்சர் தகட்டில் படிந்தால் 'பட் பட்' என்று பொரியும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டு. நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். ஏற்கனவே பொரிய ஆரம்பித்திருந்தால் அதே டப்பாவில் ஒரு நாள் வைத்துவிட்டுச் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஹேர் டிரையர் காட்டாதீர்கள். வாயால் ஊதவும் கூடாது.